காட்டு முயல் இனக்கூட்டங்களுக்கிடையே மரபணு ஓட்டத்தை அளப்பது எப்படி

ஒரு வளைத்தொகுதியில் பிறந்த ஆண் முயல் நான்கைந்து மாத வயதில் அதைவிட்டு வெளியேறி, முந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் வேறொரு வளைத்தொகுதியின் ஓரத்துக்குப் போய்ச் சேருகிறது. அங்குள்ள மூத்த ஆண்கள் அதை ஓயாமல் விரட்டுகின்றன. புதரில் ஒண்டிக்கொண்டு ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, ஒரு பெண்ணோடும் சேராமலேயே அது நரிக்கு இரையாகிறது. ரேடியோக் கழுத்துப்பட்டை அணிவித்து அதைப் பின்தொடர்ந்தவரின் குறிப்பேட்டில் இது ஒரு பரவல். மரபணுவைப் பொறுத்தவரையில் எதுவும் நடக்கவில்லை.

முயல்களில் பரவலையும் மரபணு ஓட்டத்தையும் ஆராயப் புகுவோர் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இதுதான். பரவல் என்பது விலங்கு பிறந்த இடத்தை விட்டு வேறிடத்தில் குடியேறுவது. மரபணு ஓட்டம் என்பது அப்படிக் குடியேறியது அங்கே குட்டி ஈன்று, அக்குட்டிகளும் பிழைத்து, புதிய இடத்தின் மரபணுத் தொகுப்பில் கலப்பது. முன்னதைக் களத்தில்தான் காண முடியும், பின்னதை ஆய்வகத்தில்தான் காண முடியும், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை ஊகிக்க முயலும்போது பிழை நுழைகிறது. முதன்முறையாக இத்தகைய ஆய்வைத் திட்டமிடும் முதுகலை மாணவரையும், முயல் மேலாண்மையில் இறங்கியிருக்கும் களப்பணியாளரையும் மனத்தில் கொண்டு, இரண்டையும் தனித்தனியே அளந்து பின்னர் பொருத்திப் பார்க்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

எந்த முயல்?

தமிழில் நாம் எல்லாவற்றையும் முயல் என்றே சொல்லிவிடுவதால் இதை முதலிலேயே தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டு மானாவாரிக் காடுகளில் இரவில் வண்டி வெளிச்சத்தில் துள்ளி ஓடுவது லீபஸ் நைக்ரிகோலிஸ் என்னும் இந்திய முயல். அது வளை தோண்டுவதில்லை; புல்லிடையே ஒரு பள்ளத்தில் தனியாகப் படுத்திருக்கும்; அதன் குட்டிகள் ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். இங்கே பேசப்படுவது ஓரிக்டோலாகஸ் குனிகுலஸ் என்னும் ஐரோப்பிய முயல். அது கூட்டமாக வளைத்தொகுதிகளில் வாழும். அதன் குட்டிகள் ரோமமின்றி, கண் திறவாமல், மண்ணுக்கடியில் பிறக்கும். முன்னதற்கு 48 குரோமோசோம்கள், பின்னதற்கு 44. பெயர் ஒன்றானாலும் இவை இரண்டும் வெவ்வேறு பேரினங்கள். கீழே சொல்லப்படும் மாதிரி எடுக்கும் முறை முழுவதும் வளையை அடிப்படை அலகாகக் கொண்டிருப்பதால், அதை இந்திய முயலுக்கு அப்படியே பயன்படுத்த முடியாது.

ஐரோப்பிய முயலுக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. ஐபீரியத் தீபகற்பத்தின் தென்மேற்கில் அல்கிரஸ் என்னும் துணையினமும், வடகிழக்கில் குனிகுலஸ் என்னும் துணையினமும் வாழ்கின்றன. ஏறத்தாழ இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இவ்விரு மரபுவழிகளும் தீபகற்பத்தின் குறுக்கே, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் செல்லும் ஒரு பட்டையில் மீண்டும் சந்தித்துக் கலக்கின்றன. ஸ்பெயினிலோ போர்ச்சுகலிலோ ஆய்வு செய்பவர், தம் மாதிரி இடங்கள் அந்தப் பட்டையின் ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால், பல லட்சம் ஆண்டுகளின் பிரிவை ஒரு நெடுஞ்சாலையின் தலையில் கட்டிவிட நேரும். பிரான்சு, பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் உள்ளவை குனிகுலஸ் வழிவந்தவை என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

வளையிலிருந்து தொடங்குதல்

ஆய்வின் விடையை ஆய்வகம் தீர்மானிப்பதில்லை. மாதிரி எடுக்கும் இடங்களுக்கிடையே உள்ள தூரமே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. முயல்கள் ஒரு மேய்ச்சல் நிலம் முழுக்கச் சீராகப் பரவி வாழ்வதில்லை. சில ஆண்களும் சில பெண்களும் சேர்ந்த சிறு சமூகக் குழு தனக்கென ஒரு வளைத்தொகுதியையோ அதன் ஒரு பகுதியையோ காத்துக்கொள்கிறது. அங்கே பிறந்த பெண்கள் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுகின்றன. இளம் ஆண்கள் தம் முதல் இனப்பெருக்கப் பருவத்துக்கு முன் வெளியேறுகின்றன. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்லியாப் பகுதியில் 1990களில் நடந்த ஆய்வுகள், ஒரே இடத்தில் அடுத்தடுத்து வாழும் சமூகக் குழுக்களுக்கிடையே கூட அளக்கத்தக்க மரபணு வேறுபாடு இருப்பதைக் காட்டின. அதாவது, கண்ணுக்கு ஒரே இனக்கூட்டமாகத் தெரிவது, மரபணுவில் நெருங்கிய உறவினரான பெண்களின் சிறு முடிச்சுகளாகக் கட்டப்பட்டிருக்கிறது.

ஆகவே முதல் வேலை வரைபடம். ஆய்வுப் பரப்பில் உள்ள ஒவ்வொரு வளைத்தொகுதியையும் ஜி.பி.எஸ். கருவியால் குறித்து, அதன் நுழைவாயில்களை எண்ணி, எவை பயன்பாட்டில் உள்ளன என்று பிரித்தறிய வேண்டும். பயன்பாட்டில் உள்ள வாயிலின் மண் புதிதாகக் கிளறப்பட்டு, அடித்தரை வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். கைவிடப்பட்ட வாயிலில் சிலந்தி வலையும் காய்ந்த இலையும் தேங்கியிருக்கும். ஐயமிருந்தால் வாயிலின் குறுக்கே இரண்டு மெல்லிய குச்சிகளை மாலையில் நட்டுவைத்து, விடியலில் அவை சாய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

அடுத்து, மாதிரி இடங்களின் இடைவெளியைப் படிப்படியாக விரியுமாறு அமைக்க வேண்டும்: ஒரே வளைத்தொகுதிக்குள், சில நூறு மீட்டர் தள்ளியுள்ள அண்டை வளைகள், ஒன்றிரண்டு கிலோமீட்டர், பத்துக் கிலோமீட்டர், அதற்கும் அப்பால். எல்லா இடங்களையும் இருபது கிலோமீட்டர் இடைவெளியில் தேர்ந்தெடுத்த ஆய்வு, முயல்களின் அன்றாடப் பரவலைப் பற்றி எதையும் சொல்லாது. எல்லாவற்றையும் ஒரே பண்ணைக்குள் எடுத்த ஆய்வு, நிலப்பரப்பின் தடைகளைப் பற்றி எதையும் சொல்லாது. வறண்ட நிலத்துக்கும் ஈரநிலத்துக்கும் அளவுகோலும் மாறும். தாய்வழியில் மட்டும் செல்லும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைக் கொண்டு வடகிழக்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வொன்று, மிக வறண்ட பகுதிகளில் உள்ள முயல்கள் பெருந்தூரத்துக்கும் ஏறத்தாழ ஒரே இனக்கூட்டம் போலவும், அதைவிடச் சற்று மழை அதிகமுள்ள பகுதிகளில் உள்ளவை துண்டுதுண்டாகவும் இருப்பதைக் கண்டது. வறட்சியில் வளைகள் அடியோடு காலியாகி, மழைக்குப் பின் வெளியிலிருந்து வந்தவை அவற்றை மீண்டும் நிரப்பும் சுழற்சி அங்கே அடிக்கடி நிகழ்கிறது. நிலையாக உணவு கிடைக்கும் இடத்தில் குடியிருப்பவை தம் வளையை விட்டுக்கொடுப்பதில்லை, வந்தேறிக்கு இடமும் இல்லை.

பிடிப்பதும் மாதிரி எடுப்பதும்

இது முழு வேலையில் மிகக் கடினமான பகுதி என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் காலம். பெரியவற்றை இனப்பெருக்கப் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன் பிடிப்பது நல்லது. அப்போது இளம் ஆண்களின் பரவல் பெரும்பாலும் முடிந்திருக்கும். யார் எங்கே தங்கினார் என்பது ஓரளவு உறுதியாகியிருக்கும். ஐபீரியாவில் இலையுதிர்கால மழையோடு பருவம் தொடங்குகிறது, பிரிட்டனில் ஆண்டின் தொடக்கத்தில். வசந்தத்தின் நடுவில் வலை விரித்தால் கூண்டு நிறையக் குட்டிகள் விழும். ஒரே ஈற்றில் பிறந்த ஐந்து குட்டிகளைத் தனித்தனி மாதிரிகளாக எண்ணினால், ஒரே தாயின் அல்லீல்கள் (ஒரு மரபணு இடத்தின் மாற்று வடிவங்கள்) அந்த இடத்தின் பண்பாக உருவெடுத்து, வேறுபாட்டை இல்லாத அளவுக்கு ஊதிக்காட்டும். குட்டிகளைத் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டு, பெற்றோரை அடையாளம் காணும் பகுப்பாய்வுக்கு மட்டும் பயன்படுத்துவதே முறை.

கம்பிக் கூண்டுப் பொறிகளைச் சில நாட்கள் கதவைத் திறந்தபடியே கட்டிவைத்து, உள்ளே கேரட் துண்டுகளையோ ஓட்ஸையோ போட்டு முயல்களைப் பழக்க வேண்டும். பழகாத முயல் புதிய பொருளின் அருகில் வராது. அவசரப்பட்டு முதல் நாளே பொறியை இயக்கினால், துணிச்சலான இளம் ஆண்கள் மட்டும் சிக்கும். அவையே பரவக்கூடியவையும் என்பதால், மாதிரி தொடக்கத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். மாலையில் பொறியை வைத்தால் விடிவதற்குள் பார்த்தாக வேண்டும். வெயிலில் கூண்டுக்குள் அடைபட்ட முயல் விரைவில் இறக்கும். இந்த வேலைக்கு முன்னரே வனத்துறை அனுமதியும் விலங்கு நல ஒப்புதலும் பெற்றிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கூண்டின் வாயில் ஒரு துணிப்பையைப் பொருத்தி முயலை அதற்குள் இறக்கினால், இருட்டில் அது அடங்கிவிடும். பைக்குள் இருக்கும்போதே எடை பார்க்கலாம். பிறகு பையின் வாயை விலக்கித் தலையை மட்டும் வெளியே எடுத்து, பின்னுடலைத் தொடையோடு அணைத்துக்கொள்ள வேண்டும். பின்னங்கால்களைத் தாங்காமல் தூக்கினால், முயல் ஓங்கி உதைத்துத் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடும். இந்தப் பாடத்தை ஒரு முயலின் உயிரைக் கொடுத்துக் கற்க வேண்டியதில்லை. காதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரத்தக்குழாய்கள் சிவப்பு நரம்புகளாகத் தெரியும். அவற்றைத் தவிர்த்து, விளிம்பை ஒட்டி இரண்டு மில்லிமீட்டர் துளைப்பானால் ஒரு சிறு வட்டத்தை வெட்டி, 95 சதவீத எத்தனாலில் இட வேண்டும். அடுத்த முயலுக்கு முன் துளைப்பானைச் சுத்தப்படுத்தாவிட்டால், முந்தைய முயலின் டி.என்.ஏ. இதிலும் ஏறி, அண்டை வளையிலிருந்து வந்த ஒரு கற்பனை வந்தேறியை உருவாக்கும். குப்பியின் வெளியே பேனாவால் எழுதிய எண்ணை, கசியும் எத்தனால் கழுவிவிடும். பென்சிலால் எழுதிய சிறு காகிதத் துண்டு ஒன்றைக் குப்பிக்குள்ளேயே போட்டுவைத்தால், பத்தாண்டு கழித்தும் படிக்கலாம்.

காதுக் குறியோ தோலடிச் சில்லோ இட்டு, எடை, பால், வயது, பிடித்த வாயில் ஆகியவற்றைக் குறித்த பின், பிடித்த அதே வாயிலில் விட வேண்டும். வேறு வாயிலில் விடப்பட்ட முயலை மறுமுறை பிடிக்கும்போது அது 'பரவியதாக'க் கணக்கில் ஏறிவிடும்.

ஒவ்வோர் இடத்திலும் உறவில்லாத பெரியவை 20 முதல் 30 வரை கிடைத்தால் அல்லீல் விகிதங்களை ஓரளவு நம்பலாம். சிறிய வளைத்தொகுதியில் அத்தனை முயல்களே இருக்காது. அப்போது அங்குள்ள எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு, இடத்துக்கு இடம் ஒப்பிடுவதற்குப் பதிலாக விலங்குக்கு விலங்கு உறவளவை ஒப்பிடும் முறைக்கு மாறிவிட வேண்டும்.

உயிருடன் பிடிக்க இயலாத இடங்களில் இரண்டு மாற்று வழிகள் உண்டு. ஒன்று புழுக்கை. அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் குடற்சுவர்ச் செல்களில் முயலின் டி.என்.ஏ. கிடைக்கிறது. விடியலில், ஈரம் காயாத புழுக்கைகளை மட்டும் எடுக்க வேண்டும். முயல்கள் பலவும் வந்து கழிக்கும் பொதுக் கழிப்பிடக் குவியலைத் தவிர்த்து, தனித்துக் கிடப்பவற்றை எடுப்பது நல்லது. புழுக்கை டி.என்.ஏ. சிதைந்திருப்பதால், ஆய்வகத்தில் நகலெடுத்துப் பெருக்கும்போது இரண்டு அல்லீல்களில் ஒன்று பெருகாமல் விடுபடுவது சாதாரணம். ஒவ்வொரு மாதிரியையும் குறைந்தது மூன்று முறை தனித்தனியே பெருக்கிப் பார்த்து, ஒத்துவராதவற்றை ஒதுக்க வேண்டும். மற்றொன்று, வேட்டைக்காரர்கள் சுட்ட முயல்களின் காது. எண்ணிக்கை எளிதில் சேரும். ஆனால் வேட்டைக்காரர் எஸ்டேட்டின் பெயரைத்தான் சொல்வார், வளையைச் சொல்ல மாட்டார். நுண்ணளவிலான கேள்விகளுக்கு இம்மாதிரிகள் உதவா. கண்ணையும் சேர்த்துக் கேட்டு வாங்கினால் ஒரு பயன் உண்டு: முயலின் கண்வில்லை வாழ்நாள் முழுவதும் வளர்வதால், அதை உலர்த்தி எடை பார்த்து வயதை மதிப்பிடலாம்.

எந்தக் குறியீட்டைத் தேர்ந்தெடுப்பது?

குறியீடு என்பது முயலுக்கு முயல் வேறுபடும், நாம் படித்துப் பார்க்கும் டி.என்.ஏ. இடம். அண்மைக்கால மரபணு ஓட்டத்துக்குப் பத்து முதல் இருபது மைக்ரோசாட்டிலைட்டுகள் (ஒரு சிறு எழுத்துத்தொடர் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. பகுதிகள்) இன்றும் போதுமானவை. வசதி இருந்தால் ஆயிரக்கணக்கான எஸ்.என்.பி.க்களை (டி.என்.ஏ.வின் ஓரெழுத்து வேறுபாடுகளை) பயன்படுத்தலாம். வளர்ப்பு முயல்கள் அனைத்தும் பிரான்சின் காட்டு முயல்களிலிருந்து வந்தவை என்பதையும், பல குறியீடுகள் வளர்ப்பு முயலின் மரபணுத்தொகுதியைக் கொண்டே உருவாக்கப்பட்டவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அல்கிரஸ் துணையினத்தில் அவற்றில் சில பெருகாமல் போகலாம். பெருகினாலும் அங்குள்ள பல்வகைமையைக் குறைத்துக் காட்டலாம். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. தாய்வழியில் மட்டும் செல்வதால் பெண்களின் நகர்வையும், ஒய் குரோமோசோம் ஆண்களின் நகர்வையும் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் கதை முழுமையாகிறது. ஐபீரியக் கலப்புப் பட்டையில் எக்ஸ், ஒய் குரோமோசோம்களின் சில பகுதிகள் மற்ற குரோமோசோம்களைவிடக் குறைவாகவே எல்லை தாண்டுகின்றன. ஆக, 'மரபணு ஓட்டம் எவ்வளவு' என்ற கேள்விக்கு, எந்த மரபணுவின் ஓட்டம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நோய் எதிர்ப்போடு தொடர்புடைய மரபணுக்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முயல்களைக் கொல்லும் மிக்சோமா வைரஸ் 1950இல் ஆஸ்திரேலியாவில் முயல்களைக் கட்டுப்படுத்தவே விடப்பட்டது. 1952இல் பிரான்சிலும் 1953இல் பிரிட்டனிலும் அது நுழைந்தது. மூன்று நாடுகளிலும் முயல்களின் எதிர்ப்புத்திறன் ஒரே வகையான மரபணு மாற்றங்களின் வழியே இணையாக வளர்ந்தது. அந்த மரபணுக்களில் காணும் ஒற்றுமையைக் கொண்டு முயல்கள் கண்டம் விட்டுக் கண்டம் பரவியதாக யாரும் எழுத மாட்டார்கள்; ஆனால் அடுத்தடுத்த இரு பள்ளத்தாக்குகளில் அதே ஒற்றுமை தெரிந்தால் ஏமாறுவது எளிது.

கணக்கு

ஒரு சிறு எடுத்துக்காட்டைக் கையாலேயே போட்டுப் பார்ப்போம். மென்பொருள் தரும் எண்ணை நம்புவதற்கு முன் ஒருமுறையாவது இதைச் செய்துவிடுவது நல்லது. ஒரு குறியீட்டில் இரண்டே அல்லீல்கள் இருப்பதாகவும், மேட்டு வளையில் முதல் அல்லீலின் விகிதம் 0.7, ஓடை வளையில் 0.5 என்றும் வைத்துக்கொள்வோம். மேட்டு வளையில் இரு வேறு அல்லீல்களைக் கொண்ட, அதாவது கலப்பு வகை, முயல்களின் எதிர்பார்ப்பு விகிதம் 2 × 0.7 × 0.3 = 0.42. ஓடை வளையில் 2 × 0.5 × 0.5 = 0.50. இவற்றின் சராசரி 0.46. இரு வளைகளையும் ஒன்றாகக் கொட்டிவிட்டால் அல்லீல் விகிதம் 0.6 ஆகி, எதிர்பார்ப்பு 2 × 0.6 × 0.4 = 0.48 ஆகிறது. இந்த 0.48க்கும் 0.46க்கும் உள்ள வித்தியாசத்தை 0.48ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.042தான் எஃப்.எஸ்.டி. எனப்படும் வேறுபாட்டு அளவு.

இதே கணக்கு இன்னொரு பிழையையும் காட்டிக்கொடுக்கிறது. இரு வளைகளின் முயல்களையும் ஒரே இனக்கூட்டமென்று எண்ணி நூறு முயல்களைச் சோதித்தால், 48 கலப்பு வகை முயல்களை எதிர்பார்ப்போம், ஆனால் 46தான் இருக்கும். இந்தக் குறைவைக் கண்டதும் பலர் உட்கலப்பு (நெருங்கிய உறவுகளுக்குள் இனச்சேர்க்கை) என்று எழுதிவிடுகிறார்கள். முயல் ஆய்வுகளில் இதற்குக் காரணம் பெரும்பாலும் நாமே தெரியாமல் பல சமூகக் குழுக்களைக் கலந்துவிட்டதுதான், அல்லது குறியீட்டில் பெருகாத அல்லீல் ஒன்று ஒளிந்திருப்பது. எல்லாக் குறியீடுகளிலும் குறைவு தெரிந்தால் முன்னது, ஒன்றிரண்டில் மட்டும் தெரிந்தால் பின்னது என்று முதலில் ஐயுறலாம்.

இனி வந்தேறிகளின் எண்ணிக்கை. எஃப்.எஸ்.டி.யின் தலைகீழிலிருந்து ஒன்றைக் கழித்து நான்கால் வகுத்தால், தலைமுறைக்கு இத்தனை வந்தேறிகள் என்றொரு எண் வரும்; நம் எடுத்துக்காட்டில் அது 0.48 ÷ 0.02 = 24, 24 − 1 = 23, 23 ÷ 4 = 5.75. இந்த எண்ணை அறிக்கையின் முகப்பில் போடும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரு இனக்கூட்டங்களும் நெடுங்காலமாகச் சமநிலையில், மாறாத அளவில், இரு திசையிலும் சமமாக முயல்களைப் பரிமாறிவந்தால்தான் அந்தச் சூத்திரம் பொருந்தும். முயல்களின் வரலாற்றில் சமநிலை என்பது அபூர்வம்.

ஆஸ்திரேலியாவையே பார்க்கலாம். தாமஸ் ஆஸ்டின் என்பவர் இங்கிலாந்திலிருந்து தருவித்த 24 முயல்கள் 1859 கிறிஸ்துமஸ் நாளன்று மெல்போர்னில் வந்திறங்கி, விக்டோரியா மாநிலத்தில் உள்ள அவருடைய பார்வன் பார்க் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்கு முன்பும் பலமுறை முயல்கள் கொண்டுவரப்பட்டிருந்தன. 1788இல் பிரிட்டிஷ் குடியேறிகளைக் கொண்டுவந்த முதல் கப்பற்படையிலேயே ஐந்து முயல்கள் இருந்தன. ஆனால் 2022இல் வெளியான மரபணு ஆய்வு, கண்டத்தை நிரப்பிய முயல்களில் பெரும்பாலானவற்றின் மூலம் ஆஸ்டினின் முயல்களே என்று காட்டியது. தாய்வழி டி.என்.ஏ.வின்படி மூதாய்கள் ஏறத்தாழ ஐந்துதான். அவற்றின் வழித்தோன்றல்கள் ஆண்டுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் பரவின. பார்வன் பார்க்கிலிருந்து விலக விலக மரபணுப் பல்வகைமை குறைந்துகொண்டே போனது. இன்று ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு ஆஸ்திரேலிய இனக்கூட்டங்களில் எஃப்.எஸ்.டி. குறைவாக இருந்தால், அவை முயல்களைப் பரிமாறிக்கொள்கின்றன என்பதல்ல பொருள். ஒரே வீட்டிலிருந்து பிரிந்துபோய் இன்னும் முகச்சாடை மாறாத பங்காளிகள் அவை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை கட்டப்பட்ட முயல் தடுப்பு வேலிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: வேலி முடியும் முன்பே முயல்கள் மேற்கே போய்விட்டிருந்தன. அதன் இருபுறமும் மரபணு ஒத்திருப்பது, வேலி ஒழுகுகிறது என்பதற்குச் சான்றாகாது.

எனவே, அண்மைய நகர்வை அறிய வேண்டுமானால் வேறு கருவிகள் வேண்டும். ஒவ்வொரு முயலின் மரபணு வகையும் எந்த வளைக்குப் பொருந்துகிறது என்று பார்க்கும் ஒப்படைப்புச் சோதனை, இந்தத் தலைமுறையில் வந்த வந்தேறியையே சுட்டிக்காட்டும். பெற்றோரை அடையாளம் காணும் பகுப்பாய்வு, அந்த வந்தேறி குட்டி ஈன்றதா என்பதையும் சொல்லும். முன்னதற்கு ஜீன்கிளாஸ், பின்னதற்குக் காலனி போன்ற மென்பொருள்கள் உள்ளன. ஆனால் எஃப்.எஸ்.டி. 0.05க்கும் கீழே இருக்கும் இடங்களில் ஒப்படைப்புச் சோதனைகள் தடுமாறும். குறியீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் அங்கே துணியக் கூடாது.

ஸ்ட்ரக்சர் என்னும் மென்பொருளைப் பற்றியும் ஒரு சொல். அது முயல்களை எத்தனை கொத்துகளாகப் பிரிக்கலாம் என்று கணிக்கிறது. கொத்துகளின் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கப் பரவலாகப் பயன்படும் டெல்டா-கே முறையால் 'ஒன்றே ஒன்று' என்ற விடையைத் தரவே முடியாது. குறைந்தது இரண்டு என்றுதான் சொல்லும். தூரம் கூடக்கூட வேறுபாடு சீராகக் கூடும் நிலப்பரப்பிலும், ஒரு பெரிய குடும்பம் மாதிரியில் நுழைந்துவிட்டாலும், இல்லாத எல்லைகளை அது வரைந்து காட்டும். மூன்று கொத்துகள் என்று ஒருமுறை வந்துவிட்டால், பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவர்களை இந்தத் துறையில் சொல்லுக்குச் சொல் உண்மையாகவே காணலாம். உறவினரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்ப்பதும், தூரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இதற்கு மருந்து.

யார் போகிறார்கள்?

ஆண்களே அதிகம் பரவுகின்றன என்பதை நம் மாதிரியிலும் சோதித்துக்கொள்ள வேண்டும். பெரியவற்றை மட்டும் எடுத்து, ஒரே வளைத்தொகுதிக்குள் பெண்களுக்கிடையே உள்ள உறவளவையும் ஆண்களுக்கிடையே உள்ளதையும் ஒப்பிட்டால், பெண்களிடம் அது தெளிவாக உயர்ந்திருக்கும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் வேறுபாடு மிகுந்தும் உட்கரு டி.என்.ஏ.வில் குறைந்தும் இருப்பதும் அதே திசையைக் காட்டும். ஆனால் முன்னதன் பயனுறு எண்ணிக்கை (அடுத்த தலைமுறைக்குச் செல்லும் பிரதிகளின் எண்ணிக்கை) இயல்பாகவே பின்னதில் நான்கில் ஒரு பங்கு என்பதால், அந்த அளவு வேறுபாட்டை விலக்கிய பிறகே பால் சார்ந்த விளக்கத்துக்குப் போக வேண்டும்.

களத் தரவிலும் ஒரு மறைந்த சாய்வு உண்டு. ஆய்வுப் பரப்பு ஐந்நூறு மீட்டர் அகலமென்றால், இரண்டு கிலோமீட்டர் போன முயல் நம் பொறியில் ஒருபோதும் சிக்காது. அது 'காணாமல் போனவை' பட்டியலில், இறந்தவற்றோடு சேர்ந்துவிடும். மறுபிடிப்பில் கிடைக்கும் சராசரிப் பரவல் தூரம் எப்போதும் உண்மையைவிடக் குறைவு. கழுத்துப்பட்டை இதைத் திருத்தும் என்றாலும், வளரும் முயலின் கழுத்தும் வளரும். விரியக்கூடிய பட்டையைப் பயன்படுத்தி, அடிக்கடி பிடித்துச் சரிபார்க்க வேண்டும்.

தடையும் வழியும்

நேர்கோட்டுத் தூரத்தின் மடக்கை மதிப்பை ஓர் அச்சிலும், எஃப்.எஸ்.டி.யை (1 − எஃப்.எஸ்.டி.)யால் வகுத்த மதிப்பை மற்றோர் அச்சிலும் வைத்துப் புள்ளிகளை இட்டுப் பார்ப்பது முதல் படி. தூரமே பெரும்பகுதியை விளக்கிவிட்டால், சாலையையும் ஆற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரிலும் அதைச் சுற்றிய நாட்டுப்புறத்திலும் உள்ள முயல்களை மைக்ரோசாட்டிலைட்டுகளால் ஆராய்ந்தபோது, வேறுபாட்டை விளக்கியது தூரம்தான். நகரமா நாட்டுப்புறமா என்ற சூழல் வேறுபாடு அல்ல. அங்கே கண்ட இன்னொன்று பலரின் எதிர்பார்ப்புக்கு மாறானது: நகர முயல்களில்தான் கலப்பு வகை விகிதம் அதிகம், உட்கலப்பு குறைவு. மரபணு ஓட்டமும் நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்கே மிகுந்திருந்தது. வேலியோரப் புதர்களையெல்லாம் வழித்தெடுத்த பெரும் வயல்களைவிட, நகரப் பூங்கா முயலுக்கு வாழத்தக்க இடமாகிவிட்டது.

சாலையைத் தடையென்று முன்கூட்டியே எண்ணிவிடவும் கூடாது. நெடுஞ்சாலை, ரயில்பாதை ஆகியவற்றின் கரைமண் இளகியதாக இருப்பதால் முயல்கள் அங்கே விரும்பி வளை தோண்டுகின்றன. குறுக்கே கடப்பதற்குத் தடையாக நிற்கும் அதே சாலை, நெடுக்கே செல்வதற்கு வழியாகவும் இருக்கலாம். நிலத்தின் ஒவ்வொரு பகுதியையும் கடப்பது முயலுக்கு எவ்வளவு கடினம் என்று மதிப்பிடும் செலவுத்தூர வரைபடம் தயாரிக்கும்போது, குறுக்குக்கும் நெடுக்குக்கும் தனித்தனி மதிப்பிட்டுச் சோதிக்க வேண்டும்.

விடுவிக்கப்பட்ட முயல்களைத் தேடுதல்

ஐரோப்பிய முயலைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். 2019இல் அருகிவரும் இனமாக அறிவித்தது. ஆஸ்திரேலியாவில் கொல்ல வழி தேடும் அதே விலங்கை, ஐபீரியாவில் சிவிங்கிப்பூனையான ஐபீரிய லின்க்சின் உணவுக்காகவும் வேட்டைக்காகவும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் விடுகிறார்கள். அப்படி விடப்பட்டவற்றில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்துவிடுகிறது. மனிதர் செய்துவைக்கும் இந்தப் பரவலும் மரபணு ஓட்டமாகிறதா என்பதைக் கண்டறிய ஒரு நேரான வழி இருக்கிறது. பல திட்டங்கள் அதைத் தவறவிடுவது வருத்தத்துக்குரியது. விடுவதற்கு முன், லாரியிலிருந்து இறக்கும்போதே ஒவ்வொரு முயலின் காதிலிருந்தும் ஒரு துளை மாதிரி எடுத்துவிட வேண்டும்; அந்த இடத்தில் ஏற்கெனவே வாழும் முயல்களிடமும் எடுக்க வேண்டும். அடுத்த இனப்பெருக்கப் பருவம் முடிந்ததும் அங்கே பிறந்த குட்டிகளைப் பிடித்து, அவற்றின் பெற்றோர் இவ்விரு பட்டியல்களில் எதில் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வந்த முயல் ஒன்று தந்தையாகவோ தாயாகவோ ஒரு குட்டியிடம் தென்பட்டாலும் அதை அத்தோடு விட்டுவிடாமல், அந்தக் குட்டி மறு ஆண்டு பெரியதாகி அதே வளையில் மீண்டும் பிடிபடுகிறதா என்று பார்க்க இன்னொரு பருவத்துக்கும் பொறிகளைக் கையில் வைத்திருக்க வேண்டும்.